தொடராகவா, தொகுப்பாகவா: நீளக் கதையை எங்கே வெட்டுவது?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ரெயூனியன் தீவின் சேன் ஆந்த்ரேயில் உங்கள் சங்கத்து நூலகத்துக்குக் கொஞ்சம் பணம் ஒதுங்கியிருக்கிறது. அதில் தமிழில் வரும் பிரெஞ்சு, பெல்ஜிய, இத்தாலிய காமிக்ஸ் வாங்கலாம் என்று பேசியிருக்கிறீர்கள். பாதிப் பேர், லயன், முத்து காமிக்ஸ் வெளிவரும் சிவகாசிக்குச் சந்தா கட்டி வரவர வாங்கலாம் என்கிறார்கள். மீதிப் பேர், பாகம் பாகமாக வாங்கி அவதிப்படுவானேன், எல்லாம் சேர்ந்து ஒரே குண்டு புக்காக வரும்போது வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். எது சரி என்பது கேள்வி. கூடவே, முதலில் துண்டு துண்டாகப் போட்டுவிட்டு அப்புறம் தொகுப்பும் போடுவது ஒரே கதைக்கு இரண்டு தடவை காசு வாங்கும் வேலைதானே என்று ஒரு குத்தும் வைத்திருக்கிறீர்கள்.

புதுச்சேரியில் லயன், முத்து, ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். இங்கே சேன் தெனிக்கு வந்த பிறகு அதே கதைகளை மெதியாதெக்கில் (ஊர்ப் பொது நூலகத்தில்) பிரெஞ்சிலும் படித்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தோன்றியதைத்தான் எழுதுகிறேன்.

குத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீளமான வெளிநாட்டுக் கதையைத் தமிழில் தொடராகப் போட்டதெல்லாம் பதிப்பாளர் உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்த தந்திரம் இல்லை. பல நேரங்களில் அவருக்கு வேறு வழியே இருக்கவில்லை. இதற்கு நம்மிடம் இருக்கும் பெரிய சாட்சி இரத்தப் படலம். பிரெஞ்சில் பதின்மூன்று என்ற ரோமன் எண் மட்டும்தான் அதன் தலைப்பு. ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்தார். 1984இல் ஸ்பிரூ வார இதழில் தொடங்கியது. அதே ஆண்டு முதல் ஆல்பமும், அதாவது அட்டை போட்ட தனிப் புத்தகமும், வந்தது. 18, 19ஆம் ஆல்பங்கள் 2007 நவம்பர் 13 அன்று ஒரே நாளில் வெளிவந்தன. (18ஆவதை மட்டும் வரைந்தவர் ழான் ஜிரோ, நம் கேப்டன் டைகரை (பிரெஞ்சில் ப்ளூபெரி) வரைந்த அதே மனிதர்.) ஆக, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே 23 ஆண்டுகள். லயன் காமிக்ஸ் இந்தக் கதையை 1980களின் பிற்பகுதியிலேயே தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டது. முழுசாக முடியட்டும், தொகுப்பாகத்தான் போடுவேன் என்று அன்றைக்கு அவர்கள் காத்திருந்தால், அந்தக் கதையைப் பள்ளிக்கூடப் பையனாகப் படித்தவர்கள் எல்லாரும் பிள்ளை குட்டி பெற்ற பிறகுதான் முதல் பக்கத்தையே பார்த்திருப்பார்கள்.

பிறகு 2010இல், கதையாக இல்லாமல் விசாரணைக் கோப்பாக வந்த 13ஆவதை விட்டுவிட்டு, மற்ற 18 ஆல்பங்களும் சேர்ந்து கறுப்பு வெள்ளையில் ஒரே புத்தகமாக வந்தன. எண்ணூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள். 2018இல் அதுவே வண்ணத்தில், மூன்று தொகுதிகளாக வந்தது. பழைய இதழ்களையும் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் வாங்கியவர்கள் உண்டு. அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஏனென்றால் மூன்று தடவையும் அவர்கள் வாங்கியது ஒரே பண்டம் இல்லை. பழைய சிறிய அளவுப் புத்தகங்களில் பிரெஞ்சுப் பக்கத்தை அப்படியே அடக்க முடியாது. கட்டங்களை வெட்டி, இடம் மாற்றி, சில இடங்களில் ஓரத்தைக் கத்தரித்துத்தான் வைக்க வேண்டும். ஓவியர் ஒரு முழுப் பக்கத்தை எப்படி அடுக்கினார், எந்தக் கட்டத்தைப் பெரிதாக்கிக் கண்ணை நிறுத்தினார் என்பதெல்லாம் அதில் போய்விடும். பெரிய அளவில் வண்ணத்தில் வந்தபோதுதான் தமிழ் வாசகர் வான்ஸின் பக்கத்தை அவர் அடுக்கிய படியே பார்த்தார்.

இன்னொன்றும் உண்டு. அப்படிப்பட்ட தொகுப்புகளுக்கு முன்பதிவு வாங்கித்தான் அச்சுக்குப் போகிறார்கள். முன்பதிவு செய்தவர் யார்? இருபது வருஷமாக 'தொடரும்' என்ற வார்த்தையைப் பார்த்துப் பல்லைக் கடித்தவர். அந்த இருபது வருஷம் இல்லாவிட்டால், எண்ணூறு பக்கப் புத்தகத்தை முகம் தெரியாத ஒரு நாயகனுக்காக யார் வாங்குவார்? பழைய தொடர் தேடிக் கொடுத்த வாசகர்களை நம்பித்தான் தொகுப்பு வந்தது. தமிழில் தொடர் வராமல் நேரே குண்டு புக்காகவே இறங்கிய நீளக் கதைகள் மனத்தில் அந்த அளவுக்குப் பதியாமல் போவதையும் பார்க்கிறேன்.

சரி, குத்துக்குப் பதில் ஆயிற்று. இனி எது நல்லது என்ற கேள்வி.

தொடர், தொகுப்பு என்று இரண்டு பெட்டி வைத்துக்கொண்டு நாம் சண்டை போடுகிறோம். ஆனால் ஒரு பெதே (பிரெஞ்சுக்காரர் காமிக்ஸுக்குச் சொல்லும் பெயர்) நம் கைக்கு வருவதற்கு முன்பே அதை அதன் சொந்த ஊரில் இரண்டு மூன்று தடவை வெட்டி ஒட்டிவிட்டார்கள். டின்டினைப் பாருங்கள். 1929 ஜனவரி 10 அன்று பிரஸ்ஸல்ஸில் ஒரு நாளிதழின் சிறுவர் இணைப்பில், வாரம் இரண்டு பக்கமாகத் தொடங்கியது. வாரா வாரம் கடைசிக் கட்டத்தில் யாராவது கதவைத் தட்ட வேண்டும், எங்கேயாவது குண்டு வெடிக்க வேண்டும், இல்லையென்றால் பையன் அடுத்த வாரம் வாங்க மாட்டான். 1942 வாக்கில் காஸ்டர்மான் பதிப்பகம் வண்ண ஆல்பத்துக்கு 62 பக்கம் என்று ஓர் அளவு வைத்தது. முன்னும் பின்னும் சேர்த்தால் 64, அதாவது 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அச்சடித்து மடிக்கும் கட்டு) நான்கு. பிறகு பிரெஞ்சு உலகம் முழுக்க நிலைத்துப்போன 48 பக்க ஆல்பம் மூன்று ஃபாரம். கதைக்கு 46 பக்கம், மற்றது தலைப்புக்கு. இதைச் சிவகாசிக்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அவர்கள் ஃபாரத்தில்தான் கனவே காண்பார்கள். ஆனால் வாசகர்களுக்கு இது தெரிய வேண்டும். 48 பக்கத்தில் கதையை நிறுத்தச் சொன்னது அச்சகத்துக் காகிதக் கணக்கு, கதை தானாக அங்கே வந்து நிற்கவில்லை.

1938இல் தொடங்கிய ஸ்பிரூ, 1946இல் வந்த டின்டின் இதழ், 1959இல் வந்த பிலோத் எல்லாமே இந்த வழியில்தான் நடந்தன. வாரம் இரண்டு பக்கம் என்றால் ஓர் ஆல்பத்துக்கு ஏறத்தாழ ஆறு மாதம். அது முடிந்ததும் அட்டை போட்டு ஆல்பம். ஆக, நாம் "இது வெறும் ஒரு பாகம்தானே" என்று சலித்துக்கொள்ளும் 48 பக்கப் புத்தகமே அங்கே ஒரு தொகுப்பு! பெல்ஜியத்துப் பையன் ஆறு மாதம் காத்திருந்து படித்ததை நாம் ஒரே மத்தியானத்தில் படித்துவிட்டு, அடுத்தது எங்கே என்று கேட்கிறோம்.

பிறகு அந்த இதழ்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. டின்டின் இதழ் 1988இல், பிலோத் 1989இல். 'தொடரும்' என்பதையே தன் பெயராக வைத்துக்கொண்டு, 48 பக்க வேலியை உடைத்து நாவல் அளவுக் கதைகளை அத்தியாயம் அத்தியாயமாகப் போட்ட காஸ்டர்மானின் மாத இதழும் 1997இல் நின்றது. ஸ்பிரூ இன்னும் ஓடுகிறது. மற்றபடி இப்போது பிரெஞ்சில் ஆல்பம்தான் தவணை. முன்பு வாரத்துக்கு ஒன்று என்று வந்தது இப்போது ஆண்டுக்கு ஒன்று என்று வருகிறது, அவ்வளவுதான் மாற்றம்.

சில சமயம் அந்த ஒரு வருஷமும் எவ்வளவோ ஆகும். நம் தீவையே எடுத்துக்கொள்வோம். 1986இல் இங்கே தொடங்கிய க்ரீ தியு மார்குய்யா இதழ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் வளர்ந்தவர்களான ஆப்போலோவும் ஹுவோ-சாவ்-சியும் சேர்ந்து, 1919இல் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களோடு இந்தத் தீவில் இறங்கிய விஷக் காய்ச்சலைப் பற்றி லா கிரிப் கொலோனியால் என்று இரண்டு பாகக் கதை செய்தார்கள். முதல் பாகம் 2003. இரண்டாவது 2012. நடுவில் ஒன்பது ஆண்டு. சேன் தெனி தெருவில் பிணம் விழத் தொடங்கிய இடத்தில் கதையை விட்டுவிட்டு, அதே சேன் தெனியில் ஒன்பது ஆண்டு இருந்திருக்கிறோம். இதற்குச் சிவகாசியைக் குறை சொல்ல முடியாது, பாருங்கள்.

ஆகவே வாரப் பக்கம் என்று ஒரு வெட்டு, ஆல்பம் என்று ஒரு வெட்டு, எல்லாவற்றையும் மூட்டை கட்டும் ஆந்தெக்ரால் என்று ஒரு வெட்டு. இந்த மூன்றையும் பதிப்பாளர்கள் போட்டார்கள். எழுதியவர் போட்ட வெட்டு வேறு ஒன்று இருக்கிறது. அதைக் கதைச்சுற்று என்று சொல்லலாம். ஒரு முடிச்சு விழுந்து அவிழும்வரை உள்ள ஆல்பங்கள். நான் சொல்ல வந்தது இதைத்தான்: தமிழில் போடுவதற்கும் வாங்குவதற்கும் அளவு இந்தச் சுற்றாக இருக்க வேண்டும். ஆல்பம் சின்னது, ஆந்தெக்ரால் பெரியது.

இரத்தப் படலத்திலேயே பாருங்கள். கரையில் ஒதுங்கிய, நினைவிழந்த மனிதன் யார், ஜனாதிபதியைச் சுட்ட சதியின் பின்னால் இருப்பவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்ற பெரிய முடிச்சு 1984 முதல் 1988 வரை வந்த முதல் ஐந்து ஆல்பங்களில் ஒரு கட்டத்துக்கு வந்துவிடும். ஐந்தாவதை மூடி வைத்தால் வயிறு நிறைந்திருக்கும். ஆறும் ஏழும் சேர்ந்து ஒரு தனிக் கதை. 18 ஆல்பத்தையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டிய அவசியம் வான் ஹாமுக்கே இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அப்படிப் படிப்பது இந்தக் கதைக்கு நல்லதும் இல்லை. பன்னிரண்டாவது தாண்டும்போது, நாயகனுக்கு இன்னொரு பெயர், இன்னொரு அப்பா என்று வரும்போதெல்லாம் கொட்டாவி வரும். ஆண்டுக்கு ஒன்றாகப் படித்தவருக்கு அது திருப்பம். ஒரே வாரத்தில் படிப்பவருக்கு அது பழக்கதோஷம்.

அதே வான் ஹாமின் லார்கோ வின்ச் இரண்டிரண்டு ஆல்பமாகவே முடியும்படி அமைத்தது. தமிழிலும் இரண்டையும் ஒரே புத்தகமாகப் போட்டார்கள், சரியான வேலை. முதல் ஆல்பத்தை மட்டும் தனியாகப் போட்டிருந்தால் அது கொடுமை. தோர்கல் என்ற தொடர் வேறு மாதிரி. சில ஆல்பங்கள் தனித்தே நிற்கும். கா என்ற நாட்டுக்குப் போகும் சுற்று மட்டும் நான்கு ஆல்பம் (1986 முதல் 1988 வரை). அதை நான்கும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஒரே தொடருக்குள்ளேயே இங்கே பிரி, அங்கே சேர் என்று கதை சொல்கிறது. நாம் காது கொடுத்தால் போதும்.

கேப்டன் டைகரின் மின்னும் மரணம் இன்னும் சுவையான விஷயம். 1973இல் வந்த ஷிவாவா பேர்ல் ஆல்பத்தில் தங்கத்தைத் தேடிப் போகும் கதையாகத் தொடங்கி, நாயகன் மேல் விழுந்த பழி துடைக்கப்படும்வரை ஆல்பம் ஆல்பமாக நீண்டு 1986இல்தான் கரை சேர்கிறது. எழுத்து ழான்-மிஷேல் ஷார்லியே, ஓவியம் ஜிரோ. நடுவில் 1975க்கும் 1980க்கும் இடையே ஒரு பள்ளம். பதிப்பகத்தோடு உரிமைத்தொகைத் தகராறு. அந்த இடைவெளியில் ஜிரோ, மோபியஸ் என்ற பெயரில் மெத்தால் ஹுர்லான் இதழில் முற்றிலும் வேறு உலகங்களை வரைந்துகொண்டிருந்தார். திரும்பி வந்தபோது கை மாறியிருந்தது. கோடு மெலிந்து, வெளிச்சம் கூடி, பாலைவனமே வேறாகத் தெரியும். 2015இல் தமிழில் இந்தச் சுற்று முழுவதும் வண்ணத்தில் ஒரே கெட்டி அட்டைப் புத்தகமாக வந்தபோது, அந்த மாற்றத்தை ஒரே பக்கத் திருப்பலில் பார்க்க முடிந்தது. பழைய தமிழ் இதழ்களில் சின்ன அளவில், கறுப்பு வெள்ளையில், விட்டுவிட்டுப் படித்தவருக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. தொகுப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும். ஒரு சுற்று, ஒரு புத்தகம், சரியான அளவு. குண்டாக இருப்பது தற்செயல்.

இத்தாலியக் கதைகளில் இந்தச் சண்டையே வராது என்பதைக் கவனித்தீர்களா? டெக்ஸ் வில்லர் 1948இல் நீள்பட்டை வடிவில் தொடங்கியது. பிறகு மாத இதழாக, ஏறத்தாழ 110 பக்கம், கறுப்பு வெள்ளை. அங்கே பல காலம் ஒரு கதை ஓர் இதழின் நடுப்பக்கத்தில் முடியும், அடுத்த கதை அதே இதழில் தொடங்கி அடுத்தடுத்த இதழ்களுக்கு வழியும். தமிழில் அந்த இதழ்களைப் பிரித்து, கதையை மட்டும் முழுசாக எடுத்து 200, 300 பக்கப் புத்தகமாகப் போடுகிறார்கள். அது ஒரு தொகுப்பு என்று கூட யாருக்கும் தோன்றுவதில்லை. கதை முடிகிற இடத்தில் புத்தகம் முடிகிறது, வாசகர் நிம்மதியாக இருக்கிறார். கறுப்பு வெள்ளை என்பதால் விலையும் கட்டுப்படும்.

ஏன் எல்லாவற்றையும் இப்படிப் போடக் கூடாது என்றால், பணம். வெளிநாட்டு உரிமையை ஆல்பம் கணக்கில் பேசி, முன்பணம் கட்டி வாங்க வேண்டும். உரிமைக்குக் கால வரம்பு உண்டு. மொழிபெயர்ப்பு, எழுத்துக் கோப்பு, ஆர்ட் பேப்பர், நான்கு வண்ண அச்சு எல்லாம் புத்தகம் விற்பதற்கு முன்பே வரும் செலவு. நான்கு ஆல்பத்தைச் சேர்த்துப் போட்டால் அந்த நான்கு மடங்குப் பணமும் ஒரே சமயத்தில் முடங்கும். தமிழ் காமிக்ஸ் கோடிக்கணக்கில் விற்கும் சரக்கு இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் வரும் சந்தாப் பணத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதமும் ஓட்ட வேண்டும். சந்தாதாரர் எல்லாருக்கும் ஒரே ருசியும் இல்லை. ஒரு மாதம் முழுக்கத் தோர்கல் மட்டும் நான்கு வந்தால், லக்கி லுக் என்ற நகைச்சுவைத் தொடருக்காகவே சந்தா கட்டியவர் அடுத்த வருஷம் கட்ட மாட்டார். ஆகவே ஒரு வருஷத்துக்குள் ஒரு சுற்று முடியும்படி இடைவெளி விட்டுப் போடுவது நியாயமான நடுவழி. அதைத் தாண்டி மூன்று வருஷம், நான்கு வருஷம் இழுத்தால் என் பொறுமையும் போய்விடும். அப்போது நீங்கள் வைத்த குத்தை நானும் வைப்பேன்.

தொடருக்கென்று ஒரு சுகம் இருப்பதைத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1960இலிருந்து தினத்தந்தியில் வரும் கன்னித்தீவை இன்றைக்கும் ஒருவர் தொகுப்பாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. காலைக் காப்பியோடு இரண்டு மூன்று கட்டம், அதுதான் அதன் அளவு. மறுபக்கம், 1950 முதல் 1954 வரை கல்கியில் வந்த பொன்னியின் செல்வனை வாரா வாரம் கிழித்து, மணியத்தின் படங்களோடு பைண்டு செய்து வைத்த வீடுகள் எத்தனை! பதிப்பாளர் தொகுப்பு போடும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை, தாங்களே போட்டுக்கொண்டார்கள். புதுச்சேரியில் எங்கள் தெருவிலும் அப்படி ஒரு பைண்டு வால்யூம் வீடு வீடாகச் சுற்றியது. நடுவில் ஒரு வாரத்து இதழ் இல்லாமல் இருந்தது, அதை அந்தந்த வீட்டுப் பாட்டிகள் வாய்வார்த்தையாக நிரப்பினார்கள்.

மொழிபெயர்ப்பு என்ற கோணத்திலும் ஒரு வார்த்தை. தொடராகப் போடும்போது மொழிபெயர்ப்பாளர் முடிவு தெரியாமல் முதல் பாகத்தை எழுதுகிறார். இரண்டு சகோதரர்களில் யார் மூத்தவர் என்பது எட்டாம் பாகத்தில்தான் தெரியவரும், தமிழிலோ முதல் பக்கத்திலேயே அதைத் தீர்மானித்தாக வேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கும்போது துணைப் பாத்திரங்களின் பெயர் எழுத்து மாறும், கேலியாகப் பேசியவன் திடீரென்று செந்தமிழ் பேசுவான். தொகுப்பு போடும்போது இதையெல்லாம் சரிசெய்ய ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. அதைப் பயன்படுத்தினார்களா என்று பார்த்துத்தான் நான் மறுபதிப்பு வாங்குவேன். பழைய வசனத்தை அப்படியே தூக்கி வண்ணப் பக்கத்தில் ஒட்டியிருந்தால் எனக்கு ஆர்வம் குறைந்துவிடும். பழைய வசனத்தில் கை வைத்தாலே கோபப்படும் வாசகர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.

இனி நம் தீவுக்கு வருகிறேன். இங்கே கணக்கு கொஞ்சம் வேறு. சிவகாசியிலிருந்து வரும் பார்சல் பெரும்பாலும் பாரிஸைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. மாதாமாதம் தனித்தனியாக அனுப்பச் சொன்னால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டும். அதோடு மார்ச் மாதத்தது பிப்ரவரி மாதத்ததுக்கு முன்னால் வந்து நிற்கும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் சுற்று ஒன்று ஒரே பெட்டியில் வந்துவிட வாய்ப்பு அதிகம். தொடராகவே வாங்கினாலும் உங்கள் அலமாரிக்கு அது தொகுப்பாக வந்து சேரும்.

ஆனால் உங்கள் நூலகத்துக்கு யார் வருகிறார்கள் என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முக்கால்வாசி தமிழ் வகுப்புப் பிள்ளைகள். வீட்டில் கிரியோல், பள்ளியில் பிரெஞ்சு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தமிழ். அவர்களிடம் 500 பக்க மின்னும் மரணத்தைக் கொடுத்தால் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்கு லக்கி லுக் வாங்குங்கள். மோரிஸ் 1946இல் தொடங்கியது, 1955 முதல் 1977 வரை கோசினி எழுதியவைதான் உச்சம். ஒவ்வோர் ஆல்பமும் தனிக் கதை, 46 பக்கத்தில் முடிந்துவிடும், அதனால் தொடரா தொகுப்பா என்ற கேள்வியே எழாது. பாதிப் பேர் அதைப் பிரெஞ்சில் படித்திருப்பார்கள். நகைச்சுவை எங்கே வரும் என்று தெரிந்திருப்பதால் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கும்போது தடுமாற மாட்டார்கள். சேன் ஆந்த்ரே மெதியாதெக்கிலிருந்து அதே ஆல்பத்தின் பிரெஞ்சுப் பிரதியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரு மணி நேர வகுப்பு தானாக ஓடும். பழைய சின்ன அளவு இதழ்கள் யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் பிள்ளைகளுக்கு வேண்டாம். பலூனுக்குள் எழுத்து நெரிசலாக இருக்கும், புதிதாகப் படிப்பவருக்குப் புள்ளி எது, தூசி எது என்று தெரியாது.

மாங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ், படித்து வளர்ந்த சற்றுப் பெரிய பிள்ளைகள் வேறு ரகம். ஜப்பானில் வார இதழில் இருபது பக்கத்துக்குக் குறைவாக ஓர் அத்தியாயம் வரும், அப்புறம் ஒன்பது பத்து அத்தியாயம் சேர்ந்து 200 பக்கத் தொகுதியாகும். இங்கே பிரெஞ்சில் அச்சில் கிடைப்பது பெரும்பாலும் அந்தத் தொகுதிதான். ஆகவே 200 பக்கம் அவர்களுக்குப் பயமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட வரிசைக்கும் பழகியவர்கள். அவர்களுக்கு டெக்ஸ் சரியாக இருக்கும்.

பெரியவர்களுக்கு, அதாவது பிள்ளையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கு, முடிந்துபோன சுற்றுகள் வாங்குங்கள். இரவல் கொடுக்கும்போது ஒன்று நினைவில் இருக்கட்டும். பாகம் பாகமாக இருந்தால் மூன்றாவதை எடுத்துப் போனவர் மாற்றலாகி லியோனுக்குப் போய்விடுவார். ஒரே புத்தகமாக இருந்தால் அதை ஒருவர் ஆறு மாதம் தலைமாட்டில் வைத்துக்கொள்வார். இரண்டில் எனக்கு இரண்டாவது தொல்லை பரவாயில்லை, போன் போட்டுக் கேட்கலாம்.

வாங்குவதற்கு முன்பு பைண்டிங்கைக் கேளுங்கள். கனமான ஆர்ட் பேப்பர் புத்தகம் வெறும் பசையில் ஒட்டியதாக இருந்தால், நம் ஊர் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான புழுக்கத்தில் இரண்டு மழைக்காலம் தாங்காது, முதுகு வாய் பிளக்கும். ஃபாரம் ஃபாரமாகத் தைத்ததாக இருக்க வேண்டும். தைத்தது விரித்து வைத்தால் படுக்கும், நடு இடுக்கில் பலூன் பாதி முழுகாது. பளபளப்புக் காகிதம் ஈரம் பட்டால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மூடிய இரும்பு பீரோவில் படுக்க வைத்து அடுக்காதீர்கள். திறந்த அலமாரியில், சுவரை விட்டு நான்கு விரல் தள்ளி, நிறுத்தி வையுங்கள். 18 ஆல்பத்தையும் ஒரே முதுகில் அடக்கிய புத்தகத்தை விட மூன்று தொகுதியாக வந்தது நூலகத்துக்கு நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பணம் கொஞ்சம்தான் என்கிறீர்கள். அப்படியானால் வரிசை இது: முதலில் லக்கி லுக், கிடைக்கிற அத்தனையும். அடுத்து ஒரு லார்கோ ஜோடி, ஒரு முழு டெக்ஸ். மிச்சம் இருந்தால் இரத்தப் படலத்தின் வண்ணத் தொகுதிகள், கையிருப்பில் இருந்தால். சந்தா கட்டுவதானால், அந்த ஆண்டு அறிவிப்பில் எந்தச் சுற்று அந்த ஆண்டுக்குள் முடிகிறது என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள். முடியாத சுற்று இருந்தால் அதன் பாகங்களை அலமாரியில் வைக்காமல் உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள், கடைசியும் வந்த பிறகு ஒன்றாக வெளியே எடுக்கலாம். ஐந்து பாகச் சுற்றில் நான்கை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டீர்களானால், வாரா வாரம் உங்களுக்குப் பதில் சொல்லி மாளாது.